லிஸ்பன்: 4 நாள், முழங்கால் வலியுள்ள அம்மா, ஒரு கேமரா. எந்தக் குன்று எந்த நேரத்துக்கு?

திருச்சி_மலர் | ஏப்ரல் 11

எல்லாருக்கும் வணக்கம். மே 29 முதல் ஜூன் 2 வரைக்கும் லிஸ்பன் போறோம். நான், என் வீட்டுக்காரர், எங்க அம்மா. அம்மாவுக்கு 67 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் உச்சிப்பிள்ளையார் கோயில் படியை நிக்காம ஏறினவங்க. இப்ப வலது முழங்கால் தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். சமதளத்துல நல்லா நடப்பாங்க, இறங்கறதும் பரவாயில்ல, ஏறறதுதான் முடியல.

ஊரே ஏழு குன்று மேல இருக்குன்னு டிக்கெட் போட்ட பிறகுதான் படிச்சேன். அம்மாவை ஹோட்டல்ல உக்கார வெச்சுட்டு நாங்க மட்டும் சுத்தறதுல எனக்கு இஷ்டமில்ல. எங்க அப்பாவோட அவங்க எங்கயும் போனதில்ல, இதுதான் அவங்களுக்கு முதல் வெளிநாடு.

என்கிட்ட ஒரு மிரர்லெஸ் கேமராவும் 24-70 லென்ஸும் இருக்கு. படம் எடுக்க எந்த இடத்துக்கு எப்ப போகணும், அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது, 28-ஆம் நம்பர் டிராம் ஏறியே ஆகணுமா, சிந்த்ரா ஒரு நாள் போகலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆற்றங்கரை | ஏப்ரல் 11

மலர், ஆறு வருஷமா லிஸ்பனின் கிராசா குன்றில் குடியிருக்கிறேன், தினமும் இந்த ஏற்றத்தில்தான் காய்கறிப் பையோடு வருகிறேன். அம்மாவைத் தாராளமாகக் கூட்டி வாங்க. இந்த ஊரில் ஏறுவதற்கு லிஃப்ட், இறங்குவதற்குக் கால். இது பிடிபட்டால் போதும்.

கோட்டைக் குன்றுக்கு: பைஷா என்பது ஆற்றோரச் சமதளம். அங்கே ருவா டோஸ் ஃபன்கெய்ரோஸ் தெருவில், பார்த்தால் சாதாரணக் கட்டடம் மாதிரி இருக்கும், உள்ளே மாநகராட்சியின் இலவச லிஃப்ட் இருக்கிறது. மேலே ருவா ட மதலேனா தெருவில் விடும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஷாவ் டோ லோரெய்ரோ என்ற பழைய சந்தைக் கட்டடம். அதன் லிஃப்ட்டில் உச்சிக்குப் போனால் கோட்டைச் சுவருக்குக் கீழே வந்துவிடுவீர்கள். அந்த மாடியிலிருந்தே பைஷா கூரைகள் முழுக்கத் தெரியும். லிஃப்ட் பழுதாகவும் வாய்ப்புண்டு. அப்படியானால் பிராசா ட ஃபிகெய்ராவிலிருந்து 737 என்ற சின்ன பஸ் கோட்டை வாசலுக்கே போகும்.

ஷியாடோ பக்கம் ஏற: பைஷா-ஷியாடோ மெட்ரோ நிலையத்தில் ருவா டோ க்ருசிஃபிஷோ வாசலில் நுழைந்து, நகரும் படிக்கட்டுகளில் ஏறி, மேலே ஷியாடோ சதுக்கத்தில் வெளியே வாருங்கள். ரயில் ஏற வேண்டியதில்லை, டிக்கெட்டும் வேண்டாம். இங்குள்ள பாட்டிமார் எல்லாரும் இப்படித்தான் ஏறுகிறார்கள்.

ஃபியூனிகுலர், அதாவது செங்குத்துத் தெருவில் கம்பி இழுத்து ஏறும் வண்டி, அதைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா பாதையில் இழுவைக் கம்பி கழன்று, வண்டி கீழே பாய்ந்து 16 பேர் இறந்தார்கள். 1885-இல் தொடங்கிய பாதை அது. நாங்கள் தினமும் கடக்கிற தெரு. அதற்குப் பிறகு பிகா, லாவ்ரா வண்டிகளையும் நிறுத்தினார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஃபியூனிகுலரில் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள், வரும் வாரத்தில் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். குளோரியா தெருவில் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனது வலிக்கிறது.

ஒளிவேட்டை | ஏப்ரல் 12

ஆற்றங்கரை வழி சொல்லிவிட்டார். நான் வெளிச்சம் பற்றிச் சொல்கிறேன். கோவையில் முப்பது வருஷம் கல்யாண ஸ்டூடியோ வைத்திருந்தவன், லிஸ்பனுக்கு இரண்டு முறை வந்து மொத்தம் 19 நாள் சுற்றியிருக்கிறேன்.

அங்கே காட்சி மேடைகளை மிராடோரோ என்கிறார்கள். எல்லா மேடையும் எல்லா நேரத்துக்கும் ஆகாது. முதல் பயணத்தில் இது தெரியாமல் இரண்டு நாளைத் தொலைத்தேன்.

போர்ட்டாஸ் டோ சோல், சாண்டா லூசியா இரண்டும் கிழக்கே பார்த்தவை. மே கடைசியில் காலை 6:15 சுமாருக்குச் சூரியன் எழும். அப்போது போனால் கீழே அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்பின் கூரைகள், தேசிய நினைவாலயத்தின் வெள்ளைக் குவிமாடம், பின்னால் கடல் மாதிரி விரிந்த டேகஸ் ஆறு என்று எல்லாம் எதிர்வெளிச்சத்தில் அடுக்கடுக்காக நிற்கும். மாலை முற்றிவிட்டால் கோட்டைக் குன்றின் நிழல் அல்ஃபாமா மேல் விழுந்துவிடும், படம் சப்பென்று இருக்கும்.

சாவ் பெட்ரோ டி அல்கன்டாராவும் கிழக்கே பார்த்ததுதான், ஆனால் பள்ளத்தாக்குக்கு மேற்கே இருக்கிறது. மாலை வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிரே உள்ள கோட்டைமேல் விழும். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். காலையில் வேண்டாம்.

செனோரா டோ மோன்டே பழைய ஊரின் மிக உயரமான மேடைகளில் ஒன்று. அஸ்தமனம் என்றால் எல்லாரும் சொல்வது அதைத்தான். ஒரு எச்சரிக்கை: பாலத்துக்கு மேல் சூரியன் இறங்கும் படங்கள் பலதும் குளிர்காலத்தில் எடுத்தவை. பாலம் அங்கிருந்து தென்மேற்கில் இருக்கிறது. மே கடைசியில் சூரியன் வெகுவாக வலது பக்கம் தள்ளி, வடமேற்கே இறங்கும். நீங்கள் எதிர்பார்த்த படம் கிடைக்காது, வேறு நல்ல படம் கிடைக்கும். 8:50 வாக்கில்தான் அஸ்தமனம், அதற்குப் பிறகு இருபது நிமிடம் கிளம்பாதீர்கள். விளக்குகள் ஏறி வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்த நேரம்தான் முக்கியம்.

எனக்குப் பிடித்த இடம் ஊருக்குள்ளேயே இல்லை. கைஷ் டோ சோட்ரேயிலிருந்து படகு ஏறினால் பத்து நிமிடத்தில் தென்கரை, கசில்யாஷ். அம்மா ஒரு படிகூட ஏற வேண்டாம். பகல் முழுக்க வெயில் தெற்கிலிருந்து வருவதால் லிஸ்பன் முழுசும் உங்களைப் பார்த்து வெளிச்சமாக நிற்கும். குன்றுகளின் வடிவம் அங்கிருந்துதான் புரியும். மாலையில் மேற்கே திரும்பினால் 25 டி அப்ரில் பாலம். 1966-இல் திறந்தபோது சர்வாதிகாரி சலசாரின் பெயர் வைத்திருந்தார்கள், 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு இந்தப் பெயர். நடு இடைவெளி மட்டும் 1,013 மீட்டர். உங்கள் பயண நாட்களில் அஸ்தமனம் அந்தப் பாலத்தின் பக்கமாகவே வரும்.

பட்டாம்பூச்சி_83 | ஏப்ரல் 12

28-ஆம் டிராம் பற்றி யாருமே சொல்லலையே? அதுக்காகவே லிஸ்பன் போறவங்க உண்டு!

ஆற்றங்கரை | ஏப்ரல் 12

ஏறலாம், ஆனால் அது கிளம்பும் மார்டிம் மோனிஸில் பத்து மணிக்கு வரிசையில் நிற்காதீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்று, உள்ளே கம்பியைப் பிடித்துத் தொங்கி, பர்ஸையும் பறிகொடுத்த கதைகள் நிறைய. காலை ஏழரைக்குள் மறுமுனையான காம்போ டி ஓரிக்கில் ஏறுங்கள். அம்மாவுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். அது அமையாவிட்டால் 12-ஆம் டிராம். சின்னச் சுற்று, அல்ஃபாமாவின் அதே குறுகல் தெருக்களில் கொஞ்சம் போகும்.

1930-களின் வண்டிகள் அவை. இவ்வளவு செங்குத்தும் இவ்வளவு சுருக்கான வளைவும் உள்ள தெருக்களில் நீளமான நவீன டிராம் திரும்ப முடியாது, அதனால் உடம்பைப் பழசாகவே வைத்து மோட்டார், பிரேக்கை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பஸ் மாதிரி. மீன் வாங்கிக்கொண்டு வருகிறவரும் அதில்தான் வருவார், இடம் கொடுங்கள்.

ஒளிவேட்டை | ஏப்ரல் 12

டிராமுக்குள் இருந்து டிராமைப் படம் எடுக்க முடியாது. வெளியே நில்லுங்கள். சே பேராலயத்தின் முகப்பு மேற்கே பார்த்தது, மாலை ஐந்துக்கு மேல் கல் பொன்னாக மாறும், அதன் முன்னால் மஞ்சள் டிராம் வளைந்து வரும். ஷட்டர் 1/20, வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். பத்துக்கு ஒன்று தேறும். தண்டவாளத்தில் இறங்காதீர்கள், இறக்கத்தில் வரும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது.

இன்னொன்று, தரையே வெள்ளைச் சுண்ணாம்புக் கல். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். வெள்ளைத் தரை படத்தை நிறைத்தால் மீட்டர் ஏமாந்து இருட்டாக்கிவிடும், அது சொல்வதைவிட அரை ஸ்டாப் (வெளிச்ச அளவில் அரைப் படி) கூட்டி எடுங்கள். அதே தரை முகத்துக்கு இலவச ரிஃப்ளெக்டர். நடுப்பகலிலும் சந்துக்குள் நிழலில் நிற்கும் ஆள் முகம் அழகாக வரும், அம்மாவை அப்படி எடுங்கள். ஓடு பதித்த சுவர்களுக்கு போலரைசர் அவசியம், பளபளப்பை வெட்டினால்தான் நீலம் நீலமாகத் தெரியும்.

வடமராட்சியான் | ஏப்ரல் 13

வணக்கம் தங்கச்சி. நான் பாரிசில இருக்கிறன், லிஸ்பனுக்கு நாலு தரம் போய் வந்தனான். அந்த வெள்ளைக் கல்லுத் தரையைப் பற்றி ஒருத்தரும் சரியா எச்சரிக்கேல்லை. சின்னச் சின்னக் கல்லுகளைக் கையால பதிச்ச நடைபாதை, கல்சாடா எண்டு பேர். நூறு நூற்றைம்பது வருசமாச் சனம் நடந்து நடந்து கண்ணாடி மாதிரித் தேஞ்சு போச்சு. ஒரு தூறல் விழுந்தாலே காணும். என்ர மனிசி இறக்கத்தில விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு, மிச்ச மூண்டு நாளும் கட்டோடதான் திரிஞ்சவ. அம்மாவுக்கு றப்பர் அடி போட்ட நல்ல சப்பாத்து வாங்கிக் குடுங்கோ. செருப்பு வேண்டவே வேண்டாம். ஏறுறது கஷ்டம் எண்டு சொல்லுறியள், அங்க இறங்கேக்கைதான் கவனம் தேவை.

சப்பாத்து எண்ட சொல்லே அந்த ஊரிலயிருந்து வந்ததுதான். கடையில 'சப்பாத்துஷ்' எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்து நான் அப்பிடியே நிண்டுட்டன். அம்மம்மா சொன்ன சொல். பாண், அதுதான் பிரெட், எண்டு கேட்டால் பாண் தருவினம், கொஞ்சம் மூக்கால சொல்ல வேணும், அவ்வளவுதான். அலவாங்கு (கடப்பாரை), லேஞ்சி (கைக்குட்டை), அலுமாரி, ஜன்னல் எல்லாம் அவையின்ரதுதான். போர்த்துக்கேயர் நூற்றைம்பது வருசத்துக்கு மேல இலங்கையில எங்கட கரையில இருந்து, கோயிலையும் இடிச்சுப்போட்டுப் போன ஆக்கள். அந்தக் கோபம் எனக்கு இண்டைக்கும் இருக்கு. எண்டாலும் அந்தச் சொல்லுகளைக் காதால கேக்கேக்கை ஏதோ செய்யும்.

கார்மோ மடத்துக்குக் கட்டாயம் போங்கோ. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தர் திருநாள், சனம் எல்லாம் கோயிலுக்குள்ள. காலமை பூமி அதிர்ந்தது, தப்பினவை ஆத்தங்கரை வெளிக்கு ஓட அங்க சுனாமி வந்தது, பிறகு நெருப்பு. கார்மோவின்ர கூரை அப்ப விழுந்தது, திரும்பப் போடேல்லை. வளைவுகள் மட்டும் வானத்துக்குக் கீழ நிக்குது. 2004-ல கடற்கரையில சொந்தங்களைப் பறிகுடுத்த எங்களுக்கு அந்த இடத்தில வாய் வராது. நான் அங்க படம் எடுக்கேல்லை.

ஒளிவேட்டை | ஏப்ரல் 13

உங்கள் மனநிலை புரிகிறது ஐயா. நான் எடுத்தேன். தரையில் உட்கார்ந்து அகல லென்ஸில் மேலே பார்த்து, அந்த விலா எலும்பு மாதிரியான வளைவுகளுக்கு நடுவே நீலம். மலர், 24 போதும் அங்கே. உங்கள் நாட்களில் வெளியே சதுக்கத்தில் ஜகரந்தா மரங்கள் ஊதாவாகப் பூத்திருக்கும், அதையும் விடாதீர்கள்.

பட்டாம்பூச்சி_83 | ஏப்ரல் 14

சிந்த்ரா கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. ரோசியோ ஸ்டேஷன்ல இருந்து ரயில்ல 40 நிமிஷம்தான். பேனா அரண்மனையைப் பார்க்காம வந்தா லிஸ்பன் போனதுக்கே அர்த்தமில்ல!

ஆற்றங்கரை | ஏப்ரல் 14

இதில் நான் உடன்படவில்லை. ரயில் சுலபம்தான். அதற்குப் பிறகு மலைமேல் பஸ் வரிசை, அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், வாசலிலிருந்து மறுபடி ஏற்றம், உள்ளே குறுகிய படிகளில் கூட்டம். முழங்கால் வலியோடு வருகிறவருக்கு அது தண்டனை. நாலு நாளில் ஒன்றை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

ஒளிவேட்டை | ஏப்ரல் 14

மூடுபனிக்காக நான் சிந்த்ராவை விட மாட்டேன். அட்லாண்டிக் காற்று அந்த மலையில் மோதி ஏறும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். லிஸ்பனில் சுள்ளென்று வெயில் அடிக்கும் காலையிலும் அங்கே மரங்களுக்கு நடுவே பால் மாதிரி நிற்கும். ஆனால் மலரின் கேள்வி அம்மாவோடு போவது பற்றி. அதற்கு ஆற்றங்கரை சொல்வதுதான் சரி. பதிலாக கைஷ் டோ சோட்ரேயிலிருந்து கஷ்காய்ஷ் ரயில், 40 நிமிடம், பாதி தூரம் தண்ணீரை ஒட்டியே போகும், இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். அம்மாவுக்கு அலை காட்டின மாதிரியும் இருக்கும்.

திருச்சி_மலர் | ஏப்ரல் 15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சிந்த்ராவை எடுத்துட்டேன், கஷ்காய்ஷ் சேத்தாச்சு. வடமராட்சி அண்ணா, அக்காவுக்கு கை சரியாயிடுச்சா? ஷூ நாளைக்கே வாங்கறேன், இங்கேயே ரெண்டு வாரம் போட்டு நடந்து பழக்கறேன்.

ரெண்டு சந்தேகம். நாங்க சைவம், அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டாங்க. அப்புறம், அல்ஃபாமாவுல துணி காயற சந்து, ஜன்னல்ல பாட்டிங்க, இப்படிப் படமெல்லாம் பாக்கறேன். அப்படி எடுக்கலாமா, கேக்கணுமா?

ஆற்றங்கரை | ஏப்ரல் 15

சாப்பாடு: கால்டோ வெர்டே என்று பச்சையாக ஒரு சூப் வரும், கீரை சூப் என்று நினைப்பீர்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். பாஸ்டல் டி நாட்டாவில் முட்டை. மேசையில் கேட்காமலே பாண், ஆலிவ் வைப்பார்கள், தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லலாம். லுமியார் பக்கம் ராதாகிருஷ்ணர் கோயிலில் சைவ உணவகம் உண்டு, அங்கே அம்மாவுக்கு ஒரு வேளையாவது பருப்பும் சோறும் வாங்கிக் கொடுங்கள். மார்டிம் மோனிஸ் சுற்றுவட்டத்தில் அரிசி, மசாலா, தயிர் எல்லாம் கிடைக்கும்.

படம் பற்றிக் கேட்டதற்கு மனசார நன்றி. அல்ஃபாமாவிலும் மோராரியாவிலும் தரைத்தள ஜன்னல் என்பது பல பாட்டிகளுக்குத் திண்ணை மாதிரி. அங்கேதான் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள், எதிர்வீட்டோடு பேசுவார்கள். காலை முதல் ராத்திரி வரை அந்த முகத்துக்கு முன்னால் லென்ஸ் நீண்டுகொண்டே இருந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். என் தெருவில் மூன்று ஜன்னல் அப்படிச் சாத்தியாகிவிட்டது. பல வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போய்விட்டன, மிச்சமிருப்பது இவர்கள்தான்.

முதலில் 'போம் தியா' சொல்லுங்கள். நின்று சிரியுங்கள். கேமராவைத் தொட்டுக் காட்டி, தலையசைத்தால் எடுங்கள், மறுத்தால் கைகூப்பிவிட்டு நகருங்கள். துணிக்கொடிக்கு அனுமதி வேண்டாம், ஜன்னலுக்குள் வேண்டாம்.

மோராரியாவில் பெக்கோ டஸ் ஃபரின்யாஸ் என்ற சந்துக்குப் போங்கள். கமில்லா வாட்சன் என்ற புகைப்படக்காரர் அங்கேயே குடியிருந்து, அந்தச் சந்து மக்களின் முகங்களைச் சுவரிலேயே அச்சிட்டிருக்கிறார். படம் எடுக்கப்பட்டவர்களுக்கே படம் திரும்பப் போய்ச் சேர்ந்த இடம் அது.

பழைய ஓடுகளைச் சந்தையில் ஒற்றை ஒற்றையாக விற்பார்கள். அழகாக இருக்கும், வாங்காதீர்கள். ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்ததாக இருக்கலாம்.

வடமராட்சியான் | ஏப்ரல் 16

மனிசிக்குக் கை இப்ப சுகம், கேட்டதுக்கு நன்றி தங்கச்சி.

பெலெம் எண்ட ஆத்தங்கரைப் பகுதிக்குப் போகேக்கை ஒண்டு நினைவில வைச்சிருங்கோ. கோபுரம், ஜெரோனிமோஸ் மடம், உள்ள வாஸ்கோ ட காமாவின்ர கல்லறை எல்லாம் எல்லாரும் பாக்கிறது. தமிழில அச்சான முதல் புத்தகம் அச்சேறினது இந்த லிஸ்பனிலதான், 1554 பெப்ரவரி 11. தமிழ் எழுத்தில இல்லை, தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில போட்ட ஒரு சின்னச் செபப் புத்தகம், கார்த்தில்யா எண்டு பேர். தமிழை எழுதிக் குடுத்தது அங்க இருந்த மூண்டு தமிழர்தான். அவையின்ர ஞானஸ்நானப் பேர்தான் புத்தகத்தில இருக்கு, தாய் வைச்ச பேர் இல்லை. தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் அதுக்குப் பிறகு, 1578-ல கொல்லத்தில வந்தது. கார்த்தில்யாவின்ர ஒரு படி பெலெம் அருங்காட்சியகத் தொகுப்பில இருக்கு. நான் போறபோதெல்லாம் அந்த ஆத்தங்கரையில கொஞ்ச நேரம் நிண்டு அந்த மூண்டு பேரையும் நினைக்கிறனான்.

திருச்சி_மலர் | ஜூன் 9

வந்துட்டோம். சொன்னபடி எழுதறேன்.

லிஃப்ட் ரெண்டும் வேலை செஞ்சுது. அம்மா கோட்டைச் சுவர்கிட்ட வெளிய வந்து, "ஏறவே இல்லையேடி"ன்னு மூணு தடவை கேட்டாங்க. டிராம் காலைல 7:20-க்கு ஏறினோம், நாலு பேர்தான் இருந்தாங்க. கசில்யாஷ் படகுல போனது அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போய், மறுநாளும் போகணும்னு சொல்லிட்டாங்க, போனோம். செனோரா டோ மோன்டே மட்டும் என்னால முடியல. பஸ் விட்டு இறங்கியும் கடைசியில ஒரு ஏற்றம் இருந்துச்சு, அம்மா முகத்தைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். ஷூ இல்லன்னா ரெண்டு இடத்துல வழுக்கியிருப்பாங்க, அண்ணா.

பெக்கோ டஸ் ஃபரின்யாஸ்ல நடந்ததைச் சொல்லணும். சுவர்ல இருந்த முகங்களை அம்மா ஒவ்வொண்ணா நின்னு பாத்துட்டு வந்தாங்க. சந்து முடியற இடத்துல நிஜமாவே ஒரு பாட்டி ஜன்னல்ல இருந்தாங்க. கருப்பு ஸ்வெட்டர், காதுல சின்னத் தங்க வளையம். ஜன்னல் திட்டுல ஒரு தொட்டியில உருண்டையா, பந்து மாதிரி குட்டி இலைச் செடி. அம்மா அதைத் துளசின்னு நினைச்சு மூக்கைக் கிட்ட கொண்டு போனாங்க. அந்தப் பாட்டி "நாவ், நாவ்"னு பதறி, செடி மேல தன் உள்ளங்கையை மெல்ல வெச்சு எடுத்து, அந்தக் கையை அம்மா மூக்குகிட்ட நீட்டினாங்க. அம்மா முகர்ந்துட்டு, அந்தக் கையை அப்படியே ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் "ஜன்னல்"னு தட்டிக் காட்டினாங்க, அண்ணா எழுதினதைப் படிச்சிட்டு நான் சொல்லிக் குடுத்திருந்தேன். பாட்டி "ஜனேலா"ன்னாங்க. ரெண்டு பேரும் அதையே மாத்தி மாத்திச் சொல்லிச் சிரிச்சாங்க.

கேமராவைத் தொட்டுக் காட்டினேன். பாட்டி தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டு, சரின்னாங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்.

அந்தச் செடி என்ன அக்கா?

ஆற்றங்கரை | ஜூன் 9

மஞ்ஜெரிக்கோ. துளசியின் சொந்தக்காரச் செடிதான். ஜூன் 13 புனித அந்தோனியார் திருநாளுக்காக வீட்டு வீட்டுக்கு வாங்குவார்கள், தொட்டியில் ஒரு காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டும் செருகியிருக்கும். மூக்கை வைத்து முகர்ந்தால் செடி வாடிவிடும் என்று நம்பிக்கை, கையை வைத்துத்தான் முகர வேண்டும். படத்தை அச்சுப் போட்டு எனக்கு அனுப்பினால் அந்தப் பாட்டி கையில் கொடுத்துவிடுகிறேன். இருபது நிமிட நடைதான்.

திருச்சி_மலர் | ஜூன் 10

அனுப்பறேன் அக்கா. முகவரி தனிமடல்ல குடுங்க. ஒளிவேட்டை சார், அந்தப் படத்துல சந்து நிழல், பின்னால சுவர் வெயில். பாட்டி முகம் கொஞ்சம் இருட்டா இருக்கு. அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

ஒளிவேட்டை | ஜூன் 10

ரா ஃபைல் இருந்தால் அதையே எனக்கு அனுப்பும்மா. நிழலை மட்டும் முக்கால் ஸ்டாப் தூக்கினால் போதும் என்று நினைக்கிறேன், சுவரைத் தொட வேண்டாம். மேட் காகிதத்தில் போடு. இரண்டு பிரதி எடு, ஒன்று அம்மாவுக்கு.